முதல் பனியன்று கதவடைத்தவர்

டிசம்பர் பதினொன்று. விடியற்காலையிலிருந்தே பாய்சூன் நகரில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. காற்றும் இல்லை, வெயிலும் இல்லை.

அந்த ஆண்டின் முதல் பனி அது. முதல் பனி என்றால் வழக்கமாக லேசாகத் தூவிவிட்டு, வந்த சுவடு தெரியாமல் மலைப்பக்கம் போய்விடும். இம்முறை முழங்கால் உயரத்துக்கு இறங்கிய பின்னும் அதற்கு மனநிறைவு ஏற்படவில்லை.

ஹம்ராகுல் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊரின் பொது வெந்நீர்க் குளியற்கூடம் அவருடைய பொறுப்பில் இருந்தது. பனி விழுந்தால்தான் பாய்சூன்காரர்களுக்கு உடம்பைக் கழுவ வேண்டும் என்னும் எண்ணமே பிறக்கும். ஆகவே குளிர்காலம் அவருக்குச் சோறு போட்டது. அதற்குக் கூலியாக அவருடைய இரண்டு முழங்கால்களையும் எடுத்துக்கொண்டது. தெருவில் யாரைக் கண்டாலும், "அருள் இறங்குது, வாதுமை மரத்துக்கு நல்லது" என்று கைகுவிப்பார். அவ்வூரில் பனியைப் பழிப்பது உண்ணும் ரொட்டியைப் பழிப்பதற்கு நிகர். வழுக்கி விழுந்தவர்கள்கூட இடுப்பைத் தடவியபடி, "என்ன அருள், என்ன அருள்" என்றுதான் எழுந்திருப்பார்கள். கதவைச் சாத்திய பின் ஹம்ராகுல் பனியைக் குறித்துக் கூறும் சொற்களை அவருடைய மனைவி சனோபர் மட்டுமே அறிவாள்.

ஆயினும் அன்றைக்கு அவருடைய கவலை முழங்காலைப் பற்றியதன்று, கிடாயைப் பற்றியது.

கொல்லைக் கொட்டகையில் நின்ற அந்தச் செம்மறிக் கிடாய்க்கு நிகரான ஒன்று அந்த வட்டாரத்திலேயே கிடையாது. நடக்கும்போது பின்புறத்துக் கொழுப்பு, திண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் ஆடும். மக்காச்சோளமும் தவிடும் தின்று, குளிருக்கு வெதுவெதுப்பான நீர் குடித்து அது வளர்ந்தது. விற்பதற்காக அவர் அதை வளர்க்கவில்லை, உண்பதற்காகவும் இல்லை. வசந்தத் திருநாளன்று சந்தை வழியாக அதை மெல்ல நடத்திச் செல்வதற்காகவே வளர்த்தார். "நான் சாப்பிட்டேனான்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?" என்று சனோபர் வினவியதுண்டு. அந்த வினாவிலும் அவருடைய காதில் விழுந்தது 'சாப்பிட்டேனா' என்ற சொல் மட்டுமே. உடனே எழுந்து கிடாய்க்குத் தவிடு எடுத்துப் போனார்.

இப்படிப்பட்ட கிடாய்க்கு ஆண்டில் ஒரே ஒரு நாள்தான் ஆபத்து. அது முதல் பனி விழும் நாள். அன்று நண்பர்கள் ஒருவருக்கொருவர் பனிக்கடிதம் கொடுப்பார்கள். 'கிடாய் வெட்டி விருந்து வை' என்றோ வேறு எதையோ எழுதி, ரொட்டிக்குள்ளோ தொப்பிக்குள்ளோ ஒளித்து நீட்டுவார்கள். வாங்கியவர் சுதாரிப்பதற்குள் கொடுத்தவர் ஓடிவிட்டால், எழுதியிருப்பதை வாங்கியவர் நிறைவேற்ற வேண்டும். கொடுத்தவர் வாசலைத் தாண்டுமுன் பிடிபட்டால், அவருடைய முகத்தில் கரி பூசுவார்கள். விருந்தும் அவர் தலையில் விழும். பொழுது சாயும்வரைதான் இதற்குக் காலம். இதுவரை எந்தப் பனிக்கடிதத்துக்கும் விருந்து வைக்காதவர் என்பது ஹம்ராகுலின் பெருமை.

அதனால், ஆண்டிலேயே கூட்டம் மிகுந்த நாளில் குளியற்கூடத்தைப் பூட்டிவிட்டு, வீட்டுக் கதவுக்கும் தாழிட்டுக்கொண்டார்.

முதலில் தட்டியவர் அடுத்த வீட்டு துர்குன். பேருந்துச் சக்கரங்களுக்கு ஒட்டுப் போடுபவர்.

"அண்ணே, சம்சா சூடா இருக்கு. வீட்டுல உங்களுக்குக் குடுக்கச் சொன்னாங்க."

"நீயே தின்னுடா. எனக்கு வயிறு சரியில்ல."

"அப்ப அண்ணிக்காவது குடுங்க."

"அவளுக்கும் வயிறு சரியில்ல!"

சனோபர் இடுப்பில் கைவைத்து நின்றாள். "எனக்கு எப்பங்க வயிறு கெட்டுது?"

"பொழுது சாயறவரைக்கும் கெட்டுத்தான் இருக்கும். உன் கை வாங்கினா நான் வாங்கின மாதிரி."

"நல்லா இருக்கு. நான் செஞ்ச வேலையெல்லாம் நீங்க செஞ்ச மாதிரின்னு ஊருக்குள்ள சொல்றீங்க. இப்ப என் வயித்துவலியும் உங்களோடதா?"

ஹம்ராகுல் அடியில் தணல் வைத்து மேலே மெத்தை போர்த்திய கணப்பு மேசைக்குள் கால்களை நுழைத்துக்கொண்டு, வெற்றி பெற்றவருக்குரிய முகத்தோடு தேநீர் அருந்தினார். வெளியே பனி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

நண்பகலுக்குப் பிறகு கதவு மீண்டும் இடிபட்டது. இப்போது துர்குனோடு எஷ்மிர்சாவும் வந்திருந்தார். எஷ்மிர்சா ஹம்ராகுலோடு பள்ளியில் படித்தவர். இப்போது சந்தையில் உப்பு விற்பவர்.

"ஹம்ராகுல்! உன் கொட்டகைக் கூரை வளைஞ்சு நிக்குது. துர்குன் மதில் பக்கத்துலேருந்து நல்லாத் தெரியுது. கதவைத் திற, பனியைத் தள்ளிடறோம்."

"எவ்வளவு நல்ல மனசுடா உனக்கு! போன வருஷம் என் கூரைமேல எத்தனை தடவை ஏறினே?"

"போன வருஷம் இவ்வளவு பனி விழல."

"பனி இல்லடா, அருள். அருளு கூரையை உடைக்காது."

"அண்ணே, விளையாட்டு இல்ல" என்றார் துர்குன். "மண்வெட்டி கையிலயே இருக்கு. நீங்க வெளிய வரவேணாம். திறந்து விட்டாப் போதும்."

"மண்வெட்டிப் பிடிக்குள்ள என்னடா சுருட்டி வெச்சிருக்கே?"

வெளியே எஷ்மிர்சாவின் குரல் கேட்டது: "வா துர்குன். இவனுக்குக் காது கேக்குது, வேற எதுவும் வேலை செய்யல."

"நான் போய்ப் பாத்துட்டு வரட்டுமா?" என்றாள் சனோபர்.

"அதுக்குத்தான் அவனுங்க மதில் மேல காத்துக்கிட்டு இருக்கானுங்க. உக்காரு."

ஜன்னலிலிருந்து பார்த்தால் கொட்டகையின் கதவு மட்டும் தெரிந்தது. கதவு நேராகத்தான் நின்றது. கதவு நேராக நிற்கும்போது கூரை எப்படி வளையும் என்று ஹம்ராகுல் தமக்குத் தாமே தெளிவுபடுத்திக்கொண்டார். பொழுது சாய இன்னும் சிறிது நேரமே இருந்தது.

அப்போதுதான் கொல்லையில் அந்தச் சத்தம் எழுந்தது. ஈரமான பெரிய மெத்தையை உயரத்திலிருந்து போட்டதுபோல் இருந்தது. அதைத் தொடர்ந்து கிடாயின் கதறல்.

அவர் வெறுங்காலோடு ஓடினார். முழங்கால்கள் இருப்பதே அவருக்கு மறந்துபோயிற்று. கொட்டகையின் கதவு அப்போதும் நேராகவே நின்றது. அதன் பின்னால் கூரை இல்லை. துர்குனும் எஷ்மிர்சாவும் மதிலேறிக் குதித்து, ஏற்கெனவே பனியை வாரிக்கொண்டிருந்தார்கள். மூவருமாக உத்தரத்தைத் தூக்கினார்கள். கிடாய் உயிரோடிருந்தது, எழ முயன்றது. அதன் பின்னங்கால்கள் மட்டும் அந்த முயற்சியில் சேர்ந்துகொள்ளவில்லை.

துர்குன் அதன் முதுகைத் தடவிப் பார்த்தார். "இடுப்பெலும்பு போயிடுச்சு அண்ணே. உயிர் இருக்கும்போதே அறுத்துடணும். இல்லேன்னா யாருக்கும் ஆகாது."

அவர் தம் இடைக்கச்சையிலிருந்து கத்தியை எடுத்து நீட்டினார். ஹம்ராகுல் அதைக் கைநீட்டி வாங்கினார். உறைக்குள் என்ன இருக்கிறது என்று திருப்பிப் பார்க்கவில்லை. இறைவன் பெயரை அவரே சொன்னார், அறுத்ததும் அவரே.

பிறகு பனியிலேயே உட்கார்ந்துவிட்டார். சனோபர் காலணிகளைக் கொணர்ந்து, குழந்தைக்குப் போடுவதுபோல் அவர் கால்களில் மாட்டினாள்.

"சரி, நீங்க ஜெயிச்சுட்டீங்க" என்றார் ஹம்ராகுல். "இப்பவாவது கடிதத்தைக் குடுங்க. என்ன எழுதியிருக்கீங்கன்னு பாக்கறேன்."

துர்குன் எஷ்மிர்சாவைப் பார்த்தார். எஷ்மிர்சா கையிலிருந்த இரத்தத்தைப் பனியில் துடைத்துக்கொண்டார்.

"எந்தக் கடிதம்?"

"என்கிட்ட மறைக்காதே."

"மறைக்க என்ன இருக்கு? உனக்கு யாரு எழுதுவா? முன்னே ஒரு தடவை நான் எழுதினேன், ஞாபகம் இருக்கா? தொப்பிக்குள்ள வெச்சுக் குடுத்தேன், ஒழுங்கா வாங்கினே. அப்புறம் பெரியவங்களைக் கூட்டி, விழுந்தது பனியே இல்ல, நிலத்துல ஒட்டாதது கணக்கில்லன்னு வழக்கு நடத்தினே. அன்னிக்கே எல்லாரும் முடிவு பண்ணிட்டோம், ஹம்ராகுலை விட்டுடுவோம்னு."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான். உனக்கு எழுதி என்ன பிரயோசனம்? காகிதந்தான் வீண்."

"அப்ப அந்த சம்சா?"

"சம்சாதான் அண்ணே" என்றார் துர்குன். "உள்ள கறிதான் இருந்துது. நானே தின்னுட்டேன்."

ஹம்ராகுல் கத்தியைத் துடைத்து உறையில் செருகினார். இத்தனை ஆண்டுகளாக முதல் பனியன்று அவர் தாழிட்ட கதவை எவரும் ஏமாற்றித் திறக்க முயலவே இல்லை. ஊர் முழுவதும் ஒருவரையொருவர் துரத்திக் கரி பூசிச் சிரித்த நாட்களில், வராத பகைவர்களை எதிர்த்து அவர் கோட்டையைக் காத்து வந்திருந்தார்.

"இறைச்சியைப் பனிக்குள்ள புதைச்சு வெச்சா பிப்ரவரி வரைக்கும் நமக்குத் தாங்கும்" என்றாள் சனோபர், அவருடைய வழக்கம் அறிந்தவளாக.

"பெரிய அண்டாவை எடு" என்றார் அவர். "கேரட்டை நிறைய நறுக்கு. துர்குன், தெருவுல எல்லாரையும் வரச் சொல்லு."

விளக்கேற்றும் நேரத்துக்குள் வீடு நிரம்பிவிட்டது. காலணிகளிலிருந்து உருகிய பனி நடையெங்கும் ஓடியது. கிடாயைப் புகழாதவர் இல்லை. உயிரோடிருந்தபோது அதற்குக் கிடைத்ததைவிட மிகுந்த புகழ் அது. வந்தவர்கள் எல்லாரும் பனியையும் வாழ்த்தினார்கள். ஹம்ராகுல் மட்டும் வாழ்த்தவில்லை. பந்தியின் தலைப்பக்கத்தில் அமர்ந்து, எலும்போடு கூடிய துண்டுகளாகப் பார்த்துப் பார்த்து மற்றவர்களின் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். தமக்கென்று சோற்றை மட்டுமே எடுத்துக்கொண்டார்.

எஷ்மிர்சா விரல்களில் வழிந்த கொழுப்பைத் துடைத்துவிட்டு அவர் பக்கம் சாய்ந்தார்.

"ஏன்டா, வர்ற வருஷம் உனக்கு எழுதட்டுமா?"

"எழுது" என்றார் ஹம்ராகுல்.