கிரிதர் பார்க்காத அறுபது பெண்கள்

சபிஹாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கிரிதர்தான் முன்னால் வந்து நிற்கிறான். அவனை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அவனைச் சொல்லாமல் அவள் கதை இல்லை.

நாங்கள் மூவரும் பேராசிரியர் கைலாசநாதனிடம் பிஎச்.டி.க்குப் பதிந்தவர்கள். சபிஹா பள்ளிக்கூட டீச்சர். மாலை நேரங்களில், வீட்டிலேயே நைட்டி தைத்துக் கூலி வாங்கும் பெண்களைத் தேடிப் போய்ப் பேட்டி எடுத்தாள். அவர்கள் மிஷினை மிதித்துக்கொண்டேதான் பேசுவார்கள். 'உனக்கு எம்புட்டு சம்பளம்' என்று முதலில் இவளை விசாரிப்பார்கள். பிள்ளையை இவள் மடியில் போட்டுவிட்டுப் பால் காய்ச்சப் போய்விடுவார்கள். ஒரு பேட்டி முடிய நாலு தடவை நடக்க வேண்டும். பதிவுக்காலம் முடிவதற்குள் கைலாசநாதன் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் அவ்வளவு நடையும் வீண்.

கிரிதர் எங்கும் நடக்கவில்லை. பழங்காநத்தத்தில் கடை வைத்திருக்கும் அறுபது பெண்களை ஏஐயிடம் கேட்டு ஒரே வாரத்தில் செய்துகொண்டான். அத்தனை பேரும் 'சுயதொழில் எனக்குத் தன்னம்பிக்கை தந்தது' என்றார்கள். ஒருத்திகூடச் சலித்துக்கொள்ளவில்லை. கேன்டீனில் இதை அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்.

அவனுடைய வாய்மொழித் தேர்வுக்கு, அதாவது வைவாவுக்கு, எல்லோரும் போனோம். வைவா என்றால் எங்களுக்கு வருகைக் கையெழுத்து, கைதட்டல், மட்டன் பிரியாணி. கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்பது விதி; யாரும் கேட்பதில்லை என்பது வழக்கம். அன்று சபிஹா எழுந்தாள். வெள்ளிக்கிழமை மதியம் கடையைப் பூட்டிவிட்டுப் பள்ளிவாசலுக்குத் தொழப் போவதாக ஒரு முஸ்லிம் அம்மா உங்கள் ஆய்வில் சொல்கிறாரே என்றாள். கிரிதர் பெருமையாகத் தலையாட்டினான்.

"பழங்காநத்தத்துல அது எந்தப் பள்ளிவாசல் சார்? எங்க பக்கம் பொம்பளைங்க வீட்லதான் தொழுவோம். அப்படி ஒண்ணு இருந்தா நானும் வாரேன்."

அவன் தண்ணீர் குடித்தான். பிரியாணி ஆறுகிறது என்று கைலாசநாதன் முடித்துவைத்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் எலும்பைக் கடித்துக்கொண்டே கள ஆய்வைப் பாராட்டினார். கிரிதர் டாக்டர் ஆனான்; எங்கள் துறையிலேயே வேலையும் கிடைத்தது.

சபிஹாவும் ஏஐயைத் தொடாதவள் அல்ல. தன் ஆங்கிலத்தை அதைக் கொண்டு திருத்தினாள். திருத்தியதை வரிவரியாகச் சரிபார்த்தாள். பெண்களின் பெயரையும் பேச்சையும் அதனிடம் கொடுக்கவே இல்லை. இதையெல்லாம் ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியும் வைத்தாள். கைலாசநாதன் அந்தப் பத்தியை எடுக்கச் சொன்னார். செய்ததைத்தானே எழுதியிருக்கிறேன் என்றாள்.

"எல்லாரும் செய்யறதுதாம்மா. எவனாவது எழுதி வைப்பானா? எடுத்துரு, இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

அவள் எடுக்கவில்லை. அவரும் போடவில்லை. ஏஐ பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்ட ஆய்வேடு என்று விசாரணைக் குழுவுக்கு அனுப்பினார். அந்தக் குழுவில் டாக்டர் கிரிதர் ஒரு உறுப்பினர்.

தான் கள்ளன் பிறரை நம்பான் என்பார்கள். இந்தப் பெண்கள் நிஜமாகவே இருக்கிறார்களா என்றுதான் அவன் முதலில் கேட்டான். அவர்களிடம் அனுமதி வாங்கியிருந்த சபிஹா, செல்போனில் ஒரு பேட்டியைப் போட்டுக் காட்டினாள். கொஞ்ச நேரம்கூட அவன் காதுகொடுக்கவில்லை.

"ஒரே கடகடன்னு சத்தமா இருக்கே மேடம். மிஷினை நிறுத்தச் சொல்லிட்டுப் பேட்டி எடுத்திருக்கலாம்ல?"

"நிறுத்துனா அவங்களுக்குக் கூலி போயிரும் சார்."

ஒலிப்பதிவு தெளிவாக இல்லை, பேட்டிகள் நம்பும்படி இல்லை என்று குழு அறிக்கையில் எழுதி, கிரிதர்தான் முதல் கையெழுத்தைப் போட்டான்.