இங்கிலாந்துக்காரருக்கு மீன் ஆணம்

அமெரிக்காவில், டெக்ஸஸின் ரிச்சர்ட்சனில் இருந்தபோது என் கணவரின் மேனேஜர் ஒருநாள் சாப்பிட வந்தார். இங்கிலாந்துக்காரர். காரம் ஒத்துக்கொள்ளாமல் ஏதாவது ஆகிவிட்டால் கணவரின் வேலைக்கே வினையாகிவிடுமோ என்று எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள், ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்கக்கூட வராது. கோழியையும் உருளைக்கிழங்கையும் உப்பு மட்டும் போட்டு வேகவைத்தேன்.

ஒவ்வொரு வாய்க்கும் அவர் “லவ்லி” என்றார். தண்ணீர் கொடுத்தாலும் லவ்லிதான். எதை நம்புவது?

“நெசமா புடிச்சிருக்கா, சொல்லுங்க” என்று கணவரிடம் முணுமுணுத்தேன்.

“இங்கிலீஷ்காரங்க விருந்துக்குப் போன எடத்துல குறை சொல்ல மாட்டாங்க. நீ சும்மா இரு.”

எங்களுக்கென்று வைத்த மீன் குழம்பு அடுப்பில் இருந்தது. நாங்கள் ஆணம் என்போம். மேனேஜர் அதைப் பார்த்துத் தயங்கித் தயங்கி ஏதோ கேட்டார். கணவர் சிரித்துவிட்டார்.

“ஆணம் வாசனை தூக்குதாம். அவங்க ஊர்ல வெள்ளிக்கிழமைன்னா இண்டியன் ரெஸ்டாரன்ட்தானாம். டெக்ஸஸ் வந்து நாக்கு செத்துப்போச்சாம்.”

பயந்துகொண்டே ஒரு கரண்டி ஊற்றினேன். கண்ணும் மூக்கும் ஒழுக, தலை நிமிராமல், ஒரு “லவ்லி”கூடச் சொல்லாமல் சாப்பிட்டார். பிறகு தட்டை மறுபடி நீட்டினார். ஊற்றிவிட்டு நானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.