இரண்டாம் டிவிஷனில் ஒரு பெனால்டி

பெனால்டிக்கு நிற்கும்போது மாமா பூட்ஸுக்குள் கால் கட்டைவிரலை அசைத்துக்கொண்டே இருப்பார். பூட்ஸின் தோல் எழும்பி அடங்குவது, கோல் கம்பத்துக்கு அருகில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியும். அன்றைக்கு அது அசையவில்லை.

மாமா என் அக்காவின் கணவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த கால்பந்து கோல்கீப்பர். காலையில் பயிற்சி, மதியத்துக்கு மேல் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் மிஷின். நான் அங்கேயே டைம் ஆபீஸ் கிளார்க். டீம் வெளியே போனால் அடையாள அட்டைகளையும் தண்ணீர் கேன்களையும் பார்த்துக்கொள்ள என்னையும் அனுப்புவார்கள். அப்போது நாட்டின் இரண்டாம் டிவிஷனில் ஊர் கிளப்புகளோடு கம்பெனி டீம்களும் ஆடின. ஆடலாம், முதலிடம்கூட வரலாம். கம்பெனி டீம் என்பதால் மேல் டிவிஷனுக்கு மட்டும் போக விதி இடம் தராது. நாங்கள் முதலில் வந்தால் எங்களுக்கு அடுத்த கிளப் மேலே போகும். மாமா வருஷா வருஷம் யாரையாவது ஏற்றி அனுப்பிவிட்டு மிஷினுக்குத் திரும்புவார்.

ஒரு வருஷம் வெளியூர் கிளப் ஒன்று அவரைக் கூப்பிட்டது. "நாங்க மேல போனா நீங்கதான் கீப்பர்" என்று அவர்கள் மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார். மாமா முப்பதைத் தாண்டியிருந்தார். இனி வேறு யாரும் கூப்பிட மாட்டார்கள். நிரந்தர வேலையை விட வேண்டும். அக்கா ஒரு வாரம் வீட்டுக் கணக்கைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். பிறகு, "போறதுன்னா போ. அப்பவே போயிருக்கலாமேன்னு பின்னாடி என் உயிர வாங்காத" என்றாள். மாமா அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

அந்தக் கிளப் மேலே போகக் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தாக வேண்டும். அந்த ஆட்டம் எங்களோடு வந்து அமைந்தது. எங்களுக்கு அதில் ஆதாயமும் இல்லை, நஷ்டமும் இல்லை. கோல் விழாமலே முடியப்போன நேரத்தில் அவர்களுக்குப் பெனால்டி கிடைத்தது. மாமா தவறான பக்கம் தாவினால் போதும். எந்த கீப்பருக்கும் நடப்பதுதான், யாரும் கேட்கப்போவதில்லை. அவர் சரியான பக்கம் தாவினார். பந்தை நெஞ்சோடு அணைத்தபடி புல்லில் கிடந்தவர், ரெஃப்ரி வந்து தோளைத் தொடும்வரை எழவில்லை. ஆட்டம் கோல் இல்லாமலே முடிந்தது; அந்தக் கிளப் மேலே போகவில்லை.

திரும்பும் வேனில் டிஃபென்ஸில் ஆடும் பையன் ஒருவன், "இன்னா அண்ணாத்தே, உன் டிக்கெட்ட நீயே கிழிச்சிகினியே!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அம்பத்தூரில் இறங்கியபின் என்னிடம் மட்டும், "வுட்டுடலாம்னுதான் நின்னேன் மச்சான். கை கேக்கல" என்றார்.

திங்கட்கிழமை கேன்டீனில் சால்வை போர்த்தி, கம்பெனிக்கு விசுவாசமானவர் என்று பாராட்டினார்கள். கொஞ்ச காலத்தில் டீமையே கலைத்துவிட்டார்கள். காலைப் பயிற்சியும் போய், மாமாவுக்கு முழு ஷிப்டும் மிஷின்தான். இன்றும் அங்கேதான் இருக்கிறார். அந்த லீகின் பெயர் மாறிவிட்டது, முறை மாறிவிட்டது, ஆட்டங்கள் போனிலேயே வருகின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை திருமுல்லைவாயில் வீட்டில், சொம்பில் சாய்த்துவைத்த போனில் மாமா ஓர் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். பெனால்டி. முகம் தெரியாத ஒரு சின்னப் பையன் கோலில் நின்றான். மாமா குனிந்து, பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்கும் குரலில், "வுட்ரு நைனா, வுட்ரு" என்றார். பந்து அவன் விரலுக்கு அடியில் நழுவி உள்ளே போனது.

மாமா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இப்டியா வுடுவான்? கையில வந்த பந்த!"

அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு அடுப்புக்குத் திரும்பினாள்.