கண்வலிப்பூ தபால்தலை

எழுபதுகளின் கடைசியில், கல்யாணமான புதிதில், சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். அவருக்குக் கூட்ஸ் வண்டியில் கார்டு வேலை. போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், தூங்குவார். நான் திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டத்து வீட்டில் ஆடு, மாடு, ஆள்காரர்கள் என்று எந்நேரமும் இரைச்சலுக்குள் வளர்ந்தவள். இங்கே பகல் முழுக்க ஷண்டிங் எஞ்சின் சத்தம் மட்டும்தான். சாயங்காலம் பால்காரர் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வாயைத் திறப்பேன், குரல் வராது. காலையிலிருந்து பேசவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும்.

பின் தெருவில் ஒரு முஸ்லிம் அக்கா இருந்தார். அவர் வீட்டுக்காரருக்குக் கடைவீதியில் ஜவுளிக்கடை. சிங்கப்பூரில் இருந்த தம்பிக்கு அக்காவே தமிழில் கடிதம் எழுதிவிடுவார். உறையின்மேல் இங்கிலீஷில் முகவரி எழுத மட்டும் ஆள் வேண்டும். நான் பத்தாவது படித்தவள் என்று பால்காரர் சொல்லித்தான் என்னைத் தேடி வந்தார். எழுதிக் கொடுத்தேன்.

"தபாலாபீஸ் வரைக்கும் கூட வாயேன் தங்கச்சி" என்றார். போனேன்.

குமாஸ்தா கிழித்துக் கொடுத்த தபால்தலையில் ஒரு பூ. தீ எரிகிற மாதிரி மேல்நோக்கி நெளிந்த இதழ்கள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மழைக்குப் பிறகு எங்கள் கிளுவை வேலியில் தானாக முளைத்து ஏறுகிற கண்வலிப்பூ அது. உற்றுப் பார்த்தால் கண் நோகும் என்று அம்மா எங்களை விரட்டுவாள். எங்கள் பக்கம் அதை யாரும் பறித்துத் தலையில் வைத்து நான் பார்த்ததில்லை.

"ஏனுங்க, இது எங்கூட்டு வேலிப் பூவுங்க!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"இருக்கட்டும்மா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பின்னால ஆள் நிக்கிறாங்க" என்றார் குமாஸ்தா.

வெளிநாட்டில் எனக்கு யாருமில்லை. இருந்தும் அதே தபால்தலை ஒன்று வாங்கி, நிலைக்கண்ணாடிச் சட்டத்தின் மூலையில் செருகி வைத்தேன். வீட்டுக்காரர் வந்ததும் காட்டினேன்.

"பூவுதான? நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்தார். வேறு யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை.

வைகாசியில் எங்கள் ஊர்த் திருவிழா நோன்பிக்குப் போனபோது, வேலியோரம் அப்போதுதான் முளை விட்டிருந்த கிழங்குகளில் இரண்டைத் தோண்டி எடுத்து வந்தேன். ஒன்றைக் குடியிருப்பு முள்கம்பி ஓரம் நட்டேன். இன்னொன்றைப் பிறகு நடலாம் என்று சமையலறை ஜன்னலில் வைத்தேன். அன்று முகவரி எழுதி வாங்க வந்த அக்கா அதைப் பார்த்தார்.

"இது என்ன கெழங்கு?"

"கண்வலிக்கெழங்குங்க்கா."

உறையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் போன பிறகு ஜன்னலைப் பார்த்தால் கிழங்கைக் காணோம். எலி இழுத்துப் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாளிலிருந்து அக்கா தினமும் வர ஆரம்பித்தார். கறிவேப்பிலை இருக்கிறதா என்பார், மணி என்ன என்பார், பிறகு உட்கார்ந்துவிடுவார். நானும் வாய் ஓயாமல் பேசினேன். அவருக்கும் என்னைப் பிடித்துப்போய்விட்டது என்று உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

ஒரு மத்தியானம் தலைவலி என்று கதவைத் தாழ்போட்டுப் படுத்தவள் அசந்து தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது கதவு உடைந்து கிடந்தது. பக்கத்து வீட்டு ஆட்கள் கூடத்தில் நின்றிருந்தார்கள். அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"என்னத்தத் தின்ன? சொல்லு, என்னத்தத் தின்ன?"

"ஒண்ணும் தின்னலீங்க்கா. தூங்கிட்டனுங்க."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் சீமையில் அந்தக் கிழங்கைத் தின்று செத்த பெண்கள் உண்டு. எனக்கும் அது தெரியும். ஆனால் என்னைப் பார்த்து ஒருவருக்கு அந்த நினைப்பு வரும் என்று நான் எண்ணியதே இல்லை. முதலில் சிரித்தேன். மற்றவர்கள் போய் அக்கா மட்டும் இருந்தபோது அழுகையை நிறுத்த முடியவில்லை. ஜன்னல் கிழங்கை எடுத்துப் போனது அவர்தான், நாள் தவறாமல் வந்தது எனக்குக் காவல் இருக்கத்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

கண்ணாடியிலிருந்த தபால்தலையை எடுத்து அக்காவிடம் காட்டி, பூவுக்காகத்தான் கிழங்கு கொண்டுவந்தேன் என்றேன். அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தப் பூவுக்குக் கீழயா அது இருக்கு? நான்ல இத என் தம்பிக்கு ஒட்டி அனுப்பிக்கிட்டு இருக்கேன்" என்றார். பிறகு, "எதுவா இருந்தாலும் அத நான் மண்ணுல விட மாட்டேன் கண்ணு, கோவிச்சுக்காத" என்று வெளியே போய், நட்டதையும் பிடுங்கி எடுத்துக்கொண்டு போனார். நான் தடுக்கவில்லை. மருந்துக்காகத் தோண்டித் தோண்டி, காட்டில் தானாக வளர்வது அருகி வருகிறது, அதைக் காக்க வேண்டும் என்று பல வருஷம் கழித்துப் படித்தபோது அந்த மத்தியானம்தான் நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகும் அக்கா வந்தார், ஆனால் தினமும் இல்லை. பயம் தெளிந்துவிட்டது போலும். வராத நாட்களில், அந்தப் பயம் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கக்கூடாதா என்றுகூட நினைத்ததுண்டு.

மறு வருஷம் என் வீட்டுக்காரருக்கு ஜோலார்பேட்டைக்கு மாற்றலானது. நாங்கள் கிளம்பிய அன்று அக்கா ஒரு கல்யாணத்துக்காக ஆத்தூர் போயிருந்தார். சொல்லிக்கொள்ள முடியவில்லை. புது ஊரில் முதல் வாரமே நானாகப் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்தப் பெண் தெலுங்குக்காரி. நான் சொன்னதில் பாதிதான் அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் முறத்தை ஒதுக்கிவிட்டு, உட்காரச் சொல்லிக் கை காட்டினாள்.