குளக்கரையில் பொம்பிளை பார்த்த கதை

என்னைப் பொம்பிளை பார்க்க வருகிறவர்களுக்கென்று எங்கள் வீட்டில் ஒரு ஒழுங்கு இருந்தது. அவர்கள் கேற்றைத் திறக்கும் முன்பே அம்மா என்னை யன்னலோரக் கதிரையில் இருத்திவிடுவார். சேலைக் கரை நிலத்தைத் தொடுகிறதா என்று குனிந்து பார்ப்பார். தேநீரைப் பொம்பிளைதான் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். எங்கள் வீட்டில் அதை அம்மாவே கொண்டுவந்து, "பிள்ளைக்கு வெக்கம்" என்று சிரிப்பார். அவர்கள் போகும்போதும் நான் எழும்ப மாட்டேன். மரியாதை தெரியாதவள் என்று வந்தவர்கள் நினைத்திருந்தால் அது நியாயம்தான்.

காரணம் என் இடது கால். பிறவியிலேயே வலது காலைவிட இரண்டு விரற்கடை குட்டை. இடது சப்பாத்துக்கு மட்டும் தடித்த அடி வைத்துப் போடுகிறேன், இருந்தாலும் நடை ஒரு பக்கம் சாயும். பேராதனையில் நான் வேலை செய்யும் நூலகத்தில் எல்லோருக்கும் அது தெரியும். நான் ஏறும் கண்டி பஸ்ஸின் கொண்டக்டருக்குக்கூடத் தெரியும். எங்கள் வீட்டில் மட்டும் அப்படியொரு கால் இல்லை. அதைப் பற்றி அம்மா வாய் திறந்து நான் கேட்டதில்லை.

இப்படி இருத்தி வைத்தே இரண்டு சம்பந்தங்கள் கடைசிவரை வந்து முறிந்தன. இரண்டாவது வீட்டார் தரகரிடம் ஒரே ஒரு வசனம்தான் சொல்லி அனுப்பினார்கள்: "பிள்ளையை ஒருக்கா நடத்திக் காட்டியிருக்கலாம்." எனக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. நான் என்ன சந்தைக்கு வந்த மாடா என்று முதலில் கொதித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அவர்கள் கேட்டதில் பிழை இல்லை. மறைத்தது நாங்கள்தான். அதுதான் எனக்கு இன்னும் கூடச் சுட்டது.

ஆகவே மூன்றாவது சம்பந்தம் வந்தபோது ஒரே பிடியாக நின்றேன். வீட்டுக்கு ஒருவரும் வரக் கூடாது. கண்டி நகரத்தின் பழைய இடங்களைப் பார்த்துக்கொண்டு நடப்பதற்கு ஒரு பாதை குறித்து, இடத்துக்கு இடம் இலக்கம் போட்ட பலகை நட்டிருக்கிறார்கள். குளக்கரையில் தொடங்கி, தேவாலயங்களுக்குள்ளால் போய், மேட்டிலிருக்கும் வெள்ளைக்காரரின் கல்லறைகள் கிடக்கும் பழைய சவக்காலைக்கும் ஏறும் பாதை. அதில் சேர்ந்து நடப்போம் என்றேன்.

"பலகை வாசிச்சுக்கொண்டு திரிய நாங்கள் என்ன சுற்றுலா வந்த ஆக்களோ?" என்றார் அம்மா.

"என்னைப் பாக்க வாறவர் நான் நடக்கிறதைப் பாக்கட்டும். ஏலாதெண்டால் ஒருத்தரும் வரத் தேவையில்லை."

அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் பார்த்தால், நான் போடவிருந்த நீளச் சட்டையின் விளிம்பைப் பிரித்து, ஒரு அங்குலம் இறக்கித் தைத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை மாப்பிள்ளையும் அவருடைய அக்காவும் வந்தார்கள். அவருக்குப் பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் மின்சார வேலை, இருப்பது கடுகண்ணாவையில் அக்கா வீட்டில். முகம் பரவாயில்லை. முன்பக்கம் வழுக்கை தொடங்கியிருந்தது. என்னைப் பார்த்து ஒரு வணக்கம் சொல்லிவிட்டு நேரே முதலாவது பலகைக்குப் போய், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தார். குளத்தோரத்து மதிலில் விளக்கு வைப்பதற்கென்று வரிசையாக விட்டிருக்கும் பொந்துகளைக் கண்டதும் இன்னும் நேரம் எடுத்தார். "இவ்வளவையும் ஒரே நேரத்தில கொளுத்த எத்தினை பேர் வேணும்!" என்று மதிலிடம்தான் கேட்டார், என்னிடமல்ல.

அம்மா என் இடது பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நடந்தார். நான் சாயும் நேரமெல்லாம் அவர் தோளும் சேர்ந்து சாய்ந்தது. "அம்மா, நீங்கள் பின்னால வாங்கோ" என்றேன். பின்னால் போய் அந்த அக்காவின் குடைக்குள் நுழைந்தவர், சந்தையில் லீக்ஸ் விற்கும் விலையைப் பற்றி உரத்த குரலில் பேசத் தொடங்கினார். அக்கா என்னைப் பார்க்காமல் தன்னையே பார்த்துக்கொண்டு வர வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு சத்தம். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

மூன்றாவது பலகையிலும் அவர் அப்படியே நின்றபோது எனக்குச் சந்தேகம் வந்தது. என் நடைக்காகத்தான் இந்த மனிதர் இழுத்தடிக்கிறாரோ? இரக்கம் என்றால் எனக்கு ஆகாது.

"எனக்காக மினக்கெட வேண்டாம். நீங்கள் கெதியா வாசிக்கலாம்" என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று.

அவர் விழித்தார். "இல்லை, நான் எதையும் ஆறுதலாத்தான் வாசிக்கிறனான். ஒரு பேப்பர் முடிக்கவே எனக்கு ஒரு நாள் போகும்."

"அது உண்மை, தங்கச்சி" என்று அக்கா குடைக்குள்ளிருந்து சிரித்தார்.

அடுத்தது பத்தினி அம்மன் தேவாலயம். வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு திட்டம் போட்ட எனக்கு அது மட்டும் நினைவில் வரவில்லை. சப்பாத்தோடு நடப்பதைக் காட்டத்தான் துணிந்திருந்தேன். வெறுங்காலோடு நான் நடப்பதை வெளியார் யாரும் பார்த்ததில்லை.

"பிள்ளைக்குத் தடிமன் காய்ச்சல், வெறுங்காலோட கூடாது. நாங்கள் வெளியில நிக்கிறம்" என்றார் அம்மா. சாமி வாசலில் நின்று இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்ல அம்மாவால்தான் முடியும்.

நான் குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றினேன். செருப்புப் பார்க்கும் பெண், ஒன்று தடிப்பும் ஒன்று மெல்லிசுமான அந்தச் சோடியை வாங்கி, கவனமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நான் உள்ளே நடந்தேன். சப்பாத்து இல்லையென்றால் சாய்வதோடு நிற்காது. ஒவ்வொரு இடது அடிக்கும் ஒரு படி இறங்கி ஏறுவதுபோல் உடம்பே விழுந்து எழும்பும். மணல் வேறு. பின்னால் லீக்ஸ் பேச்சு நின்றுவிட்டது. யாரையும் திரும்பிப் பார்க்காமல் ஒரு சுற்றுச் சுற்றினேன். அழுகை வந்தது. அம்மனுக்கு முன்னால் அழுதால் பக்தி என்று நினைப்பார்கள் என்பதால் தாராளமாக அழுதேன்.

பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சவக்காலை மேட்டுக்கு ஏறினோம். வழக்கமாகப் படியைக் கண்டால் நாலு பக்கத்திலிருந்தும் எனக்குக் கை நீளும். அவர் கை நீட்டவில்லை. எனக்குப் பக்கத்தில் எனக்குச் சமனாக ஏறினார். அம்மாவும் அக்காவும் இரண்டு படி கீழே வந்தார்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் அங்கேயிருந்த பலகையை அவர் வாசிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

இதோ வருகிறது என்று நினைத்தேன். எப்படி நடந்தது, பரம்பரையில் யாருக்கும் இருக்கிறதா, டொக்டர்மார் என்ன சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் என்னிடம் மறுமொழி தயாராக இருந்தது.

"கால் நோகுதோ?" என்றார்.

அப்படி என்னை யாரும் கேட்டதில்லை.

"ஓம்" என்றேன். "நோகும். இடுப்பிலதான் கூட. கனக்க நடந்தால் பிறகு நித்திரை வராது."

"அப்ப இருப்பம். மிச்சப் பலகையை இன்னொரு நாள் பாக்கலாம்."

இருந்தோம். வெள்ளைக்காரரின் கல்லறைகளுக்கு நடுவே ஒரு சின்ன மதிலில், ஒரு முழம் இடைவெளி விட்டு. கல்லில் கிடந்த வயதுகளைப் பார்த்து, எல்லாரும் இளம் வயதிலேயே போயிருக்கினம் என்று அவர் கவலைப்பட்டார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. ஒளிக்க என்ன இருக்கிறது? மிச்சப் பலகைகளை அடுத்த சனிக்கிழமைகளில் பார்த்து முடித்தோம். அடுத்த தை மாதம் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது.

ஆனால் அன்றைய நாளில் என் மனதில் தங்கியது வேறு. ஓட்டோவில் வீட்டுக்கு வரும்போது அம்மா முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டே வந்தார். மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்குள் வந்து நான் சப்பாத்தைக் கழற்றும்போது முன்னால் வந்து நின்றார்.

"எப்ப இருந்து நோகுது?"

"சின்னனில இருந்து."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே, அம்மா."

கோபமாகச் சொல்லத்தான் நினைத்தேன். குரல் அப்படி வரவில்லை. அம்மா குசினிக்குப் போய் நல்லெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்தார். நிலத்தில் சம்மணம் போட்டு இருந்து, என் இடது காலை எடுத்துத் தன் மடியில் வைத்தார். எனக்கு விபரம் தெரிந்த நாளிலிருந்து அவர் அந்தக் காலைத் தொட்டதில்லை. அது தன்னுடைய பிழை என்று அத்தனை வருஷமும் பயந்துகொண்டிருந்திருக்கிறார். அது எனக்கு அப்போதுதான் விளங்கியது. குதிக்கால், கணுக்கால், முழங்கால் என்று எண்ணெய் பூசிக்கொண்டே வந்தார், எங்கே நிற்பது என்று தெரியாமல்.

"எந்த இடம், பிள்ளை?" என்று கேட்டார்.

நான் அம்மாவின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன்.