பட்டனை யார் அமுக்குவது?

போன மாதம் ஒரு ஞாயிறு, சிங்கப்பூர் எல்லையைத் தாண்டினால் வரும் கூலாய் ஊரில், ஒரு சாப்பாட்டுக் கடையில் மீட்டிங். கைப்பேசியில் தமிழ் எழுத நம்மவர்களே சேர்ந்து உருவாக்கிய இலவச கீபோர்டு ஆப் ஒன்று இருக்கிறது. ஓப்பன் சோர்ஸ் – அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். மெனுக்களைத் தமிழாக்கியவன் என்ற முறையில் நானும் போயிருந்தேன்.

பிரச்சினை இதுதான். போன்கள் அப்டேட் ஆனதிலிருந்து 'ழ'வை அழுத்தினால் ஆப் மூடிக்கொள்கிறது. 'தமிழ்' என்று எழுத முடியாத தமிழ் கீபோர்டு!

தங்காக்கிலிருந்து வந்திருந்த ஸ்டெல்லா சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவர். ஆர்டர் செய்த தே தாரிக் டீ வருவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"திருத்தி வச்சிட்டேன் அண்ணே. நீங்க ரிலீஸ் பட்டனை அமுக்குனா போதும்."

திருத்தத்தை எல்லார் போனுக்கும் அனுப்பும் அந்தப் பட்டன் குணா ஒருவரிடம்தான். ஆப்பைத் தொடங்கியவர் அவர். சிங்கப்பூர் வேலைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தே எழுதினார். ஓப்பன் சோர்ஸ் உலகில் இப்படிப்பட்டவருக்கு ஒரு பட்டமே உண்டு – ஆயுட்கால அன்புச் சர்வாதிகாரி. கிண்டலாக வைத்த பெயர். குணா அதை சீரியஸாக எடுத்துக்கொண்டார்.

அவருக்கு அடுத்தபடியாக ஆப்புக்கு அதிகம் கோட் எழுதிய சேகர், கையைத் தூக்கினார்.

"தனி ஆளா அமுக்கக் கூடாது. கமிட்டிதான் அமுக்கணும்."

"எந்தக் கமிட்டி?" என்றார் குணா.

"அதத் தேர்ந்தெடுக்கத்தானே வந்திருக்கோம் லா!"

கமிட்டிக்கு யார் நிற்கலாம்? கோட் எழுதாதவர்களுக்கு ஓட்டு உண்டா? அதை முடிவுசெய்ய ஒரு ஓட்டு எடுக்கலாமா... ரொட்டி சானாய் ஆறிப்போனது. வாட்ஸ்அப் குழுவிலும் அதே போர். 'தலைவர்' என்ற சொல்லில் 'ழ' இல்லை பாருங்கள், சண்டைக்குத் தடையே வரவில்லை.

"அப்போ நான் யாரு?" குணா தட்டைத் தள்ளி வைத்தார். "பிள்ளை மாதிரி வளர்த்திருக்கேன்யா."

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் அப்போது சிரிப்பு வரவில்லை.

ஸ்டெல்லா லேப்டாப்பைத் திறந்தார்.

"யாரு வேணும்னாலும் காப்பி எடுத்து வெளியிடலாம்னு லைசென்ஸ்ல இருக்கு. நீங்க போட்டதுதான் அண்ணே. எங்கம்மா சர்ச் குரூப்புக்கு எழுத முடியாம வாய்ஸ் மெசேஜ் அனுப்புறாங்க. அலமாக், ஐயய்யோ, ஒவ்வொண்ணும் ஒரு பிரசங்கம்!"

தான் திருத்திய காப்பியை அங்கேயே புதுப் பெயரில் வெளியிட்டுவிட்டார்.

"இது துரோகம்" என்றார் சேகர். "ஆமா, துரோகம்" என்றார் குணா. அன்றைக்கு இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

ஆனால் அந்த வாரமே குணா தன் ஆப் பக்கத்தில் ஒரு வரி போட்டார்: 'ழ வேண்டுமென்றால் ஸ்டெல்லாவின் ஆப்புக்குப் போங்கள்.' யாரும் கேட்டு எழுதியதல்ல. அதை எழுத அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும்? நான் போன் செய்தேன். "அந்தம்மா திருத்துனது கரெக்ட்டுதான்" என்றார். உடனே போனை வைத்துவிட்டார்.

சேகரும் ஸ்டெல்லாவின் ஆப்புக்கே வேலை செய்யப் போனார். போனதும் முதல் கேள்வி – கமிட்டி எங்கே? ஸ்டெல்லா வாதாடவே இல்லை. ஆப் பக்கத்தில் குணாவை நிறுவனர் என்றும், சேகரைத் தலைவர் என்றும் போட்டுவிட்டார். இப்போது யார் பெயர் மேலே வர வேண்டும் என்று பேச்சுவார்த்தை நடக்கிறது.

பிழை திருத்தும் வேலை இன்னும் காலி. வருகிறீர்களா? அதற்கு மட்டும் போட்டியே கிடையாது.