தொலைவிலிருந்த மிரர்

என் லேப்டாப்பில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தவள் என் மகள். வெளிநாட்டுக்குப் புறப்படும் முன், அப்டேட்டுகள் இறங்குவதற்கான மிரராக, அவள் வேலைக்குச் சேரவிருந்த பல்கலைக்கழகத்தின் சர்வரையே தேர்ந்தெடுத்தாள். ஒரே மென்பொருள் தொகுப்புகளைப் பல ஊர்களில் நகலெடுத்து வைத்திருப்பார்கள். அந்த நகல்தான் மிரர். அருகிலிருப்பதைத் தேர்ந்தெடுப்பதே முறை. முப்பதாண்டுகள் கல்லூரியில் இயற்பியல் நடத்திய எனக்கு அது தெரியாததன்று.

ஆயினும் நான் மாற்றவில்லை. ஞாயிறுதோறும் அப்டேட் கொடுத்ததும் திரையில் வரிவரியாக அவளுடைய ஊரின் பெயர் ஓடும். வீட்டில் நான் ஒருவனே. அந்த வரிகள் நிற்கும்வரை நாற்காலியை விட்டு எழமாட்டேன்.

என்னுடன் பணியாற்றிய வேதியியல் பேராசிரியர் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என்னைப் பார்க்க வருவார். ஒரு ஞாயிறு, பாதியில் நின்றுபோன அப்டேட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"எம்புட்டு நேரம் சார் இது? குத்தாலம் போயி குளிச்சுட்டு வந்துறலாம் போலயே! சென்னையில இருக்கிறத விட்டுட்டு எதுக்குக் கடல் தாண்டி இறக்குதீய?"

"அதுதான் நம்பகமானது" என்றேன்.

"சரிதான். மக பேசுனாளா?"

"பேசாமல் என்ன?"

அவள் பேசி மாதங்கள் ஆகியிருந்தன. அவளுடைய திருமணப் பேச்சில் எங்களுக்குள் மனத்தாங்கல். எங்கள் வீட்டில் சிறியவர்தாம் முதலில் பேச வேண்டும். என் தந்தையிடம் நானும் அப்படித்தான் இருந்தேன். அவள் அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஊரின் பெயர் ஒருமுறை தோன்றியது. அதன் கீழேயே, சர்வர் கிடைக்கவில்லை என்ற அறிவிப்பு. மறுநாளும் அதுவே. வேறொரு மிரருக்கு மாற்றச் சில நிமிடங்கள் போதும். நான் மாற்றவில்லை. அது பழுது, பழுதைப் பற்றி விசாரிப்பது சமரசத்துக்குப் போவதாகாது. அவ்வாறு தீர்மானித்துக்கொண்டு அவளை அழைத்தேன்.

"அப்பா? உடம்புக்கு ஒண்ணும் இல்லயே?"

"ஒன்றுமில்லை. அந்த மிரர் வேலை செய்யவில்லை."

"அத மூடிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்ப்பா. நான் அங்க இல்ல. வேற ஊருக்கு வந்து அஞ்சு மாசம் ஆச்சு."

இத்தனை ஞாயிறுகளும் அவள் இல்லாத ஊரையே நான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை. புதிய ஊரின் பெயரை மட்டும் கேட்டேன். இருமுறை சொன்னாள்.

"பக்கத்துல இருக்கிறதையே வச்சுக்கிடுங்கப்பா. உங்களுக்கே தெரியுமே."

"தெரியும். உறுதி செய்துகொள்ளக் கேட்டேன்."

"சாப்டீங்களா?"

"ஆயிற்று."

போனை வைத்தபின் மிரர்களின் வரிசையில் அவளுடைய புதிய ஊரை மேலும் கீழும் தேடினேன். அந்த ஊரில் மிரர் இல்லை. சென்னையைத் தேர்ந்தெடுத்தேன். தேங்கிக் கிடந்த அனைத்தும் நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் இறங்கி முடிந்தன. பார்த்திருக்க எதுவும் மிஞ்சவில்லை.

நண்பர் மறுபடி வந்தபோது வியந்தார். "பறக்குதே சார்! யாரு மாத்துனது?"

"மகள் மாற்றச் சொன்னாள்."

"அப்ப கூப்பிட்டுட்டா!"

"பேசினோம்" என்றேன். முதலில் அழைத்தது யார் என்று அவர் கேட்கவில்லை.